கார் ஒரு பக்கம் இழுக்குதா? முதல் கேள்வி: "எப்ப?"

போன எபிசோடில் லேன் கீப் அசிஸ்ட் பற்றிக் கதைத்தோம். கமரா ரோட்டுக் கோட்டை எப்படிப் பார்க்கிறது, ஸ்டியரிங்கைத் திருப்புவது நாங்களா சொஃப்ட்வெயாரா என்று ஒரு மணித்தியாலம் போனது. கேட்டுவிட்டு எழுதியவர்களில் கமராவைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. கூடுதலாக வந்த கேள்வி இதுதான்: "அப்பான்ர கார் இடப்பக்கம் இழுக்குது. அலைன்மென்ட் செய்தாச் சரிவருமோ?" சிலருக்கு அது அம்மாவின் கார், ஒருவருக்குத் தன்னுடைய முதல் கார்.

சுருக்கமான பதில்: சில நேரம் சரிவரும், பல நேரம் காசுதான் போகும். ஏன் என்பதை ஆறுதலாக எழுதினால்தான் விளங்கும். அதனால் இந்த முறை நியூஸ்லெட்டர் கொஞ்சம் நீளம்.

நான் மெக்கானிக் இல்லை. கொன்ட்ராக்டர். ஆறு மாதத்துக்கு ஒருக்கா வேறொரு கம்பெனியின் பழைய கோட்டுக்குள் இறங்கிப் பிழை தேடுவது என் பிழைப்பு. அங்கே முதலில் பழகுவது ஒன்று: யூசர் சொல்வது அறிகுறி. "சைட் ஸ்லோவா இருக்கு" என்று ஒருவர் சொன்னால் அது டேட்டாபேஸாக இருக்கலாம், நெட்வேர்க்காக இருக்கலாம், அவருடைய லப்டொப்பாகவும் இருக்கலாம். கேட்ட உடனே சேர்வரை மாற்றினால் பில் வரும், பிழை அப்படியே இருக்கும். "கார் இழுக்குது" என்பதும் அப்படியான ஒரு வசனம். அதற்குப் பின்னால் குறைந்தது ஆறு வேறு வேறு காரணங்கள் இருக்கலாம்.

இழுக்குதோ, அலையுதோ, உதறுதோ?

எங்களில் கனபேர் சின்ன வயதிலிருந்தே வீட்டு மொழிபெயர்ப்பாளர்கள். டொக்டரிடம், பாங்கில், கவுன்சிலில், பிறகு கராஜிலும் அம்மா அப்பாவுக்காக இங்கிலிஷில் கதைத்தவர்கள். கராஜில் இது முக்கியம். ஏனென்றால் தமிழில் இதற்கு நல்ல சொற்கள் இருக்கின்றன, மொழிபெயர்க்கும்போது எல்லாமே "ஸ்டியரிங் ப்ரொப்ளம்" ஆகிவிடுகிறது.

"இழுக்குது" என்றால், நேரான ரோட்டில் கையைத் தளர்த்தினால் கார் எப்போதும் ஒரே பக்கம் போகிறது. கராஜ்காரர் இதைப் "புல்லிங்" என்பார்.

"அலையுது" என்றால், கொஞ்ச நேரம் இடது, கொஞ்ச நேரம் வலது என்று போகிறது, நீங்கள் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். இது "வொண்டரிங்". ஸ்டியரிங் மூட்டுக்கள் தேய்ந்து ஆட்டம் கண்டிருந்தால் இப்படி வரும். காற்றுக் குறைந்தாலும் வரும்.

"உதறுது" என்றால் ஸ்டியரிங் கையில் நடுங்குகிறது. வேகத்தில் மட்டும் உதறினால் சில்லு பலன்ஸ் செய்ய வேண்டியிருக்கலாம். பிரேக் பிடிக்கும்போது மட்டும் உதறினால் பிரேக் டிஸ்க்கைப் பாருங்கள்.

"ஸ்டியரிங் சரிஞ்சு நிக்குது" என்றால் கார் நேராகத்தான் போகிறது, ஸ்டியரிங் வளையம் மட்டும் கோணலாக நிற்கிறது. இது இழுப்பே இல்லை. முன்சில்லு அலைன்மென்ட் செய்யும்போது ஸ்டியரிங்கை நடுவில் பூட்டாமல் விட்டாலும் இப்படி வரும்.

இந்த நாலையும் பிரித்துச் சொன்னாலே பாதித் தூரம் வந்துவிட்டீர்கள். இனி இழுப்பை மட்டும் பார்ப்போம்.

ரோட்டே சரிவுதான்

இங்கிலாந்து ரோட்டுக்கள் மழைத் தண்ணீர் ஓடுவதற்காக நடுவில் உயர்த்தி ஓரம் பதித்துப் போடப்பட்டவை. வழமையான சரிவு 2.5 வீதம், அதாவது நாற்பது அடிக்கு ஓரடி. நாங்கள் இடப்பக்கம் ஓடுவதால் எந்தக் காரும் மெதுவாக இடப்பக்கம், நடைபாதைப் பக்கம், நகரப் பார்க்கும். அது பிழை இல்லை. கனடாவிலும் பிரான்ஸிலும் இருப்பவர்களுக்கு இதுவே வலப்பக்கம்.

ஆகவே முதல் சோதனை இலகு. சனமில்லாத, தட்டையான, பெரிய கார் பார்க் ஒன்றில் மெதுவாக ஓடிப் பாருங்கள். பிறகு அதே இடத்தில் எதிர்த் திசையில் ஓடுங்கள். இரண்டு திசையிலும் இடப்பக்கமே போனால் காரில் விஷயம் இருக்கிறது. திசை மாறும்போது பக்கமும் மாறினால் நிலம்தான் சரிவு. கையை முழுதாக விட வேண்டாம், விரல் நுனியால் பிடித்தால் காணும். மோட்டர்வேயில் இந்தப் பரிசோதனை வேண்டவே வேண்டாம்.

"எப்ப இழுக்குது?"

இதுதான் முழுக் கட்டுரையின் முக்கியமான கேள்வி. பதிலைப் பொறுத்து நீங்கள் தேட வேண்டிய இடம் மாறும்.

எப்போதும், எல்லா வேகத்திலும், ஒரே அளவாக இழுக்கிறது: காற்று, ரயர், பிறகு அலைன்மென்ட். இந்த ஒழுங்கில் பாருங்கள்.

பிரேக் அழுத்தும்போது மட்டும் இழுக்கிறது: பிரேக்தான். இதில் ஒரு சுழி இருக்கிறது. கார் இடப்பக்கம் போனால் இடப்பக்கப் பிரேக் பிழை என்று நினைப்போம். இடப்பக்கம் நன்றாகப் பிடித்து, வலப்பக்கம் பிடிக்காமல் விட்டாலும் கார் இடப்பக்கமே போகும். இரண்டு பக்கத்தையும் கழற்றிப் பார்க்க வேண்டும்.

எக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும் இழுக்கிறது: முன்சில்லால் ஓடும் பலமான கார்களில் கொஞ்சம் இருப்பது இயல்பு. எஞ்சினிலிருந்து இரண்டு சில்லுக்கும் போகும் தண்டுகளின் நீளம் வேறு வேறாக இருப்பது ஒரு காரணம். முன்பு இல்லாமல் புதிதாகத் தொடங்கினால் கீழ்க் கையின் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கலாம்.

கொஞ்ச நேரம் ஓடிய பிறகுதான் இழுக்கிறது: ஏதோ ஒன்று சூடாகிறது. அநேகமாக ஒரு பக்கப் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

லேன் அசிஸ்ட் போட்டிருக்கும்போது மட்டும் இழுக்கிறது: பட்டனை அமத்தி நிறுத்திவிட்டு அதே ரோட்டில் ஓடிப் பாருங்கள். இழுப்பு நின்றால் கமராவைத் திரும்பக் கலிபிரேட் செய்ய வேண்டியிருக்கலாம். முன்கண்ணாடி மாற்றிய பிறகு இது வருவது உண்டு.

ஒரு கிடங்கில் விழுந்த பிறகு, அல்லது நடைபாதைக் கல்லில் இடித்த பிறகு தொடங்கியது: அப்போது அலைன்மென்டை முதலில் சந்தேகிப்பதில் நியாயம் இருக்கிறது. ஏதாவது வளைந்திருக்கலாம்.

காற்றும் ரயரும்

ஒரு பக்க முன்சில்லில் காற்றுக் குறைந்தால் அந்தச் சில்லு உருள்வதற்குக் கூடச் சக்தி வேணும், கார் அந்தப் பக்கம் போகும். டாஷ்போர்ட் லைட் எரியவில்லையே என்று விடாதீர்கள். ஐரோப்பாவில் 2014 நவம்பரிலிருந்து விற்கும் எல்லாப் புதுக் கார்களிலும் காற்றழுத்த எச்சரிக்கை கட்டாயம்தான், ஆனால் அது கிட்டத்தட்ட 20 வீதம் குறைந்த பிறகே எரியவேண்டும் என்பது விதி. 33 பி.எஸ்.ஐ இருக்க வேண்டிய ரயர் 28க்கு இறங்கியும் லைட் எரியாமல் இருக்கலாம். இழுப்பு அதற்கு முதலே வந்துவிடும். சரியான அளவு டிரைவர் கதவுத் தூணில் அல்லது பெற்றோல் மூடியின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கும். காலையில், கார் ஓட முதல், ரயர் குளிராக இருக்கும்போது பாருங்கள்.

காற்றுச் சரி என்றால் ரயர். ஒரு கடதாசிக் கப்பை மேசையில் படுக்கவைத்து உருட்டிப் பாருங்கள், நேராகப் போகாது, வட்டமடிக்கும். ஒரு பக்கம் சிறிது, மறுபக்கம் பெரிது. ரயரும் செய்யும்போதோ தேயும்போதோ மிக நுண்ணிய அளவில் அப்படிக் கூம்பாகலாம். கண்ணுக்குத் தெரியாது, அலைன்மென்ட் மெஷினுக்கும் தெரியாது. ரயர் புத்தம் புதிதாகவும் இருக்கலாம்.

கண்டுபிடிக்கும் வழி, எங்கள் வேலையில் செய்வதுபோல ஒரே ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. முன்சில்லு இரண்டையும் இடம் வலம் மாற்றிப் பூட்டி ஓடுங்கள். இழுக்கும் பக்கம் மாறினால் பிழை ரயரில். மாறாவிட்டால் ரயருக்கு விடுதலை. ரயரின் பக்கச் சுவரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் இடம் வலம் மாற்றக் கூடாது, அதே பக்கத்தில் முன்னும் பின்னும் மாற்றிப் பாருங்கள். ஜக்கில் தூக்கிய காருக்குக் கீழே ஒருபோதும் போகாதீர்கள். பழக்கமில்லாவிட்டால் ரயர்க் கடையில் கேளுங்கள், சில்லு மாற்றுவது அவர்களுக்குப் பெரிய வேலை இல்லை.

அலைன்மென்ட் என்று எதை வாங்குகிறீர்கள்?

இங்கே பல ரயர்க் கடைகளில் "ட்ராக்கிங்" என்று மலிவாகச் செய்வது முன்சில்லுகளின் "டோ" கோணத்தை மட்டும். நேராக நின்று உங்கள் கால் விரல்களைக் குனிந்து பாருங்கள். இரண்டு பாதமும் உள்ளுக்குத் திரும்பினால் டோ இன், வெளியே திரும்பினால் டோ அவுட். இது பிழைத்தால் ரயர் ஓரம் வேகமாகத் தேயும், ஸ்டியரிங் கோணலாக நிற்கும். ஆனால் கார் நிலையாக ஒரு பக்கம் இழுப்பதற்கு முன்சில்லு டோ காரணமாவது குறைவு. ஓடும்போது இரண்டு சில்லும் பிழையைச் சமமாகப் பங்குபோட்டுக்கொள்ளும்.

இழுப்புக்குக் காரணமாகும் கோணங்கள் வேறு. ஒன்று "கம்பர்": சில்லின் மேற்பக்கம் உள்ளே அல்லது வெளியே சாய்வது. சாய்த்து உருட்டிய காசு சாய்ந்த பக்கமே திரும்பும் அல்லவா, அதுபோல எந்தப் பக்கச் சில்லு கூடுதலாக வெளியே சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் கார் போகும். மற்றது "காஸ்டர்": சைக்கிளின் முன் ஃபோர்க் பின்னால் சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், ஹாண்டிலைத் தானாக நேராக வைத்திருப்பதில் அந்தச் சாய்வுக்கும் பங்கு உண்டு. காரில் இரண்டு பக்கமும் அது சமமில்லாவிட்டால், குறைந்த பக்கம் இழுக்கும். இதைவிடப் பின்சில்லுகள் கோணலானால் கார் நண்டு மாதிரிச் சரிந்து ஓடப் பார்க்கும்.

இவற்றை அளக்க நாலு சில்லு அலைன்மென்ட் வேணும், விலை கூட. ஆகவே புக் பண்ண முதல் கேளுங்கள்: "டோ மட்டுமா, கம்பரும் காஸ்டரும் அளப்பீங்களா? முன்னும் பின்னும் பிரின்ட் தருவீங்களா?" இன்னொன்று: பல கார்களில் கம்பரும் காஸ்டரும் கம்பெனி விட்டபடி திருப்பிச் சரிசெய்ய முடியாதவை. அளவு பிழை என்று வந்தால் ஏதோ ஒரு பாகம் வளைந்தோ தேய்ந்தோ இருக்கிறது என்று அர்த்தம். அதை மாற்றாமல் அலைன்மென்ட் செய்து பிரயோசனம் இல்லை.

அம்மாவின் கார்

அம்மா கெயார் ஹோம் ஒன்றில் நைட் சிஃப்ட் செய்கிறா. வெம்பிளியிலிருந்து எட்மன்டன், நோர்த் சர்க்குலரில் இரவு நேரம் என்றால் அரை மணித்தியாலத்துக்குள். பத்து வருடப் பழைய சின்னக் கார். அது இடப்பக்கம் இழுக்கத் தொடங்கி, ஒரு கராஜில் இரண்டு தரம் ட்ராக்கிங் செய்தா, ஒவ்வொரு தரமும் 45 பவுண். இரண்டு தரமும் வந்த பிரின்டில் எல்லாம் பச்சை. இரண்டு தரமும் இழுப்புப் போகவில்லை. மூன்றாம் தரம் போனபோது கவுன்டரில் இருந்தவர், கார் நல்லாத்தான் இருக்கு, நீங்கள் பிடிக்கிற விதமா இருக்கும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

இதொன்றும் எனக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா தோளுக்குச் சித்தாலேப பூசிக்கொண்டு, "எனக்கும் வயசு போட்டுது தம்பி. இனிக் கார் ஓடுறதை விடுவம் எண்டு யோசிக்கிறன்" என்றா. கார் ஓடாவிட்டால் நைட் சிஃப்டும் இல்லை. ஐம்பத்தெட்டு வயது. பிழை தன் கையில் என்று முடிவெடுத்துவிட்டா.

நான் கேட்டது ஒரு கேள்விதான். "எப்ப அம்மா இழுக்குது?"

"வீட்டால வெளிக்கிடேக்க ஒண்டுமில்லை. நோர்த் சர்க்குலர்ல ஏறி ஒரு பத்துப் பதினைஞ்சு நிமிசத்தால துடங்கும். பிறகு கூடிக்கொண்டே போகும். வேலைக்குப் போய் இறங்கேக்க ஒரு எரிஞ்ச மணம். காலமை திரும்பி வெளிக்கிடேக்க பேந்தும் நல்லா இருக்கும்."

இதைவிடத் தெளிவான பக் ரிப்போர்ட் நான் வேலையில் பார்த்தது குறைவு. எப்போது தொடங்கும், எப்படிக் கூடும், எப்போது மறையும், பக்க அறிகுறி என்ன, எல்லாம் இருக்கிறது. கராஜில் ஒருவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அவர்கள் காரைப் பார்த்தது காலையில், குளிராக நிற்கும்போது. சூடானால் மட்டும் வரும் பிழை அங்கே எப்படித் தெரியும்? "என்ர மெஷின்ல வேலை செய்யுது" என்று டெவலப்பர் சொல்வதும் இதுவும் ஒரே கதை.

அடுத்ததாக லொக் ஃபைல். பிரித்தானியாவில் எந்தக் காரின் நம்பரையும் அரச இணையத்தளத்தில் போட்டால் அதன் எம்.ஓ.டி சரித்திரம் இலவசமாக வரும், பாஸ், ஃபெயில், அறிவுரைக் குறிப்பு எல்லாம். அம்மாவின் காருக்கு எட்டு மாதத்துக்கு முதல் ஒரு குறிப்பு இருந்தது: நியர்சைட் முன் பிரேக் சற்றுப் பிடித்தபடி இருக்கிறது. நியர்சைட் என்றால் நடைபாதைப் பக்கம், இங்கே இடப்பக்கம். டிரைவர் பக்கம் ஓஃப்சைட். கார் பாஸ் என்பதால் அம்மா தாளை மடித்து லாச்சிக்குள் வைத்துவிட்டா.

அன்று பின்னேரம் அம்மா ஓட, நான் பக்கத்தில் இருந்தேன். இருபத்தைந்து நிமிடம், கூடியவரை பிரேக் தொடாமல். நிறுத்தியதும் இன்ஃப்ராரெட் தெர்மோமீட்டரால் சில்லின் கம்பிகளுக்கு இடையால் டிஸ்க்கைப் பார்த்தேன். சமையலுக்கு விற்கும் சின்னத் துப்பாக்கி மாதிரியான சாமான்தான். வலது முன் 46 பாகை. இடது முன் 118. அந்தச் சூட்டில் சில்லைத் தொடக் கூடாது, கையைக் கிட்டக் கொண்டுபோனாலே தெரியும்.

அடுத்த நாள் காரை ஓடவிடவில்லை. தெரிந்த மெக்கானிக் அண்ணை ஒருவர் வீட்டுக்கு வந்து கழற்றினார். பிரேக் கலிப்பர் வழுக்கி நகர வேண்டிய இரண்டு பின்னும் துருவில் இறுகிப்போயிருந்தன. குளிர்காலத்தில் ரோட்டில் போடும் உப்பு இந்த வேலையைத் தாராளமாகச் செய்யும். உள்பக்கப் பிரேக் பாட் 2 மில்லிமீற்றர் மிச்சம், வெளிப்பக்கம் அதைவிடப் பல மடங்கு தடிப்பு. இடப்பக்கக் கலிப்பர் புதிது, பாட்டும் டிஸ்க்கும் இரண்டு பக்கமும் புதிது. பிரேக்கை ஒரு பக்கம் மட்டும் புதுப்பித்தால் பிடிக்கும் பலம் சமமில்லாமல் போகும்.

இது வெறும் கரைச்சலான விஷயமில்லை. பிடித்தபடி ஓடும் பிரேக் சூடாகிக்கொண்டே போனால் பிரேக் எண்ணெய் கொதிக்கலாம். எண்ணெய் கொதித்தால் குமிழி வரும், பெடல் பஞ்சு மாதிரி அமிழும், கார் நிற்காது. எரிந்த மணமும் ஒரு பக்க இழுப்பும் சேர்ந்து வந்தால் அந்தக் காரை ஓட வேண்டாம். அது புக்கிங்குக்குப் பொறுத்திருக்கும் விஷயமில்லை.

எம்.ஓ.டி பாஸ் என்றால் போதாதா?

போதாது. எம்.ஓ.டியில் சில்லு அலைன்மென்ட் பார்ப்பதில்லை. பிரேக்கை ரோலரில் வைத்து அளப்பார்கள். ஒரே அச்சில் ஒரு சில்லின் பிரேக் பலம் மற்றதின் 70 வீதத்துக்குக் குறைந்தால் ஃபெயில், ஸ்டியரிங் சில்லுகளில் 50 வீதத்துக்குக் குறைந்தால் அபாயம் என்றே பதிவார்கள். அதற்கு மேல் இருந்தால் பாஸ், குறிப்பு மட்டும் வரும். அதுவும் அந்த ஒரு நாளின் நிலைமை. ரயர்ப் பூவுக்கு 1.6 மில்லிமீற்றர் என்பது சட்டத்தின் அடிமட்டம். அதற்குக் கீழே ஓடிப் பிடிபட்டால் ஒரு ரயருக்கு 2,500 பவுண் வரை தண்டமும் 3 பொயின்டும். காரை நல்ல நிலையில் வைத்திருப்பது இந்த எல்லைகளுக்கு மேலே நடக்க வேண்டிய வேலை.

பிழையை விழுங்கும் சொஃப்ட்வெயார்

இனி எங்கள் பொட்காஸ்டின் பக்கம். இன்றைய கார்களில் ஸ்டியரிங்குக்கு உதவுவது எலெக்ட்ரிக் மோட்டர். நேராகப் போக நீங்கள் தொடர்ந்து எவ்வளவு பலம் கொடுக்கிறீர்கள் என்பதை ஒரு சென்சர் அளக்கிறது. சில கார்களில் அதை வைத்து, "இவர் எப்போதும் கொஞ்சம் வலப்பக்கம் பிடிக்கிறார், நானே பிடிக்கிறேன்" என்று சொஃப்ட்வெயார் மெல்ல மெல்ல அந்தப் பலத்தைத் தானே கொடுக்கத் தொடங்கும். ஃபோர்ட் கம்பெனி இதைப் "புல் ட்ரிஃப்ட் கொம்பென்சேஷன்" என்ற பெயரில் ஒரு வசதியாகவே சொல்லி விற்றது. ரோட்டுச் சரிவுக்கும் பக்கக் காற்றுக்கும் இது அருமையான வசதி. கை நோகாது.

கோட் எழுதுபவர்களுக்கு இந்த உணர்வு தெரிந்திருக்கும். எரர் வந்தால் பிடித்து, லொக்கில் கூட எழுதாமல் விழுங்கிவிடும் ஒரு ட்ரை கச். ஸ்க்ரீனில் எல்லாம் அழகு. உள்ளே ஏதோ ஒன்று எரிந்துகொண்டிருக்கும். ரயர் தேயத் தொடங்கியதும், புஷ் தளர்ந்ததும், பிரேக் பிடிக்கத் தொடங்கியதும் முன்பெல்லாம் கையில் தெரியும். இப்போது மோட்டர் தாங்கும் எல்லை மட்டும் தெரியாது. அதற்கு மேல் லேன் கீப் வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையிலிருந்து புதுக் கார்களுக்கு அவசர லேன் கீப்பிங் கட்டாயம். உயிர் காக்கும் விஷயம், நான் எதிரி இல்லை. ஆனால் காரைக் கோட்டுக்குள் வைத்திருப்பதும், கார் ஏன் கோட்டை விட்டுப் போகிறது என்று சொல்வதும் இரண்டு வேலை. முதலாவதை மட்டும்தான் அது செய்கிறது.

மனிதரும் இதையே செய்கிறார்கள். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதலாக வலப்பக்கம் பிடித்துப் பழகிவிட்டால், அந்தக் காரை நாளாந்தம் ஓடுபவருக்கே இழுப்புத் தெரியாமல் போகும். தோள் மட்டும் நோகும்.

ஆகவே ஒரு பழக்கம். மாதம் ஒருக்கா, தெரிந்த தட்டையான ரோட்டில் லேன் அசிஸ்ட்டை நிறுத்திவிட்டு ஓடிப் பாருங்கள். வீட்டில் வேறொருவர் அந்தக் காரை ஓடிப் பார்ப்பது இன்னும் நல்லது. அலைன்மென்ட் செய்தால் ஸ்டியரிங் கோண சென்சரைத் திரும்பப் பூச்சியத்துக்குக் கொண்டுவர வேணுமா, கமராவைக் கலிபிரேட் செய்ய வேணுமா என்றும் கராஜில் கேளுங்கள். கனக்கப் புதுக் கார்களுக்கு வேணும்.

கராஜுக்குக் கொண்டுபோக ஒரு துண்டு

"இழுக்குது" என்று மட்டும் சொன்னால் கவுன்டரில் இருப்பவர் "அலைன்மென்ட்" என்று எழுதுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, கொடுத்தது அவ்வளவுதான். இந்தக் கிழமை அம்மாவோ அப்பாவோ கார் ஓடும்போது பக்கத்தில் இருந்து போங்கள். பாட்டை நிறுத்திவிட்டு இதைக் கேளுங்கள், பதிலை அவர்கள் சொன்னபடியே ஃபோனில் எழுதுங்கள்:

1. எந்தப் பக்கம்? எப்போதுமா, சில நேரமா?
2. எப்ப தொடங்கினது? அதுக்கு முதல் ரயர் மாத்தினீங்களா, கிடங்கில விழுந்ததா, கண்ணாடி மாத்தினதா?
3. வெளிக்கிட்ட உடனேயா, கொஞ்ச நேரத்தாலயா?
4. பிரேக் பிடிக்கேக்கையா, எக்ஸிலரேட்டர் மிதிக்கேக்கையா, சும்மா போகேக்கையா?
5. மணம், சத்தம், உதறல் ஏதும்? பெற்றோல் கூடப் போகுதா?
6. லேன் அசிஸ்ட் நிப்பாட்டினாலும் இழுக்குதா?

இதோடு நாலு ரயரின் காற்று அளவும், எம்.ஓ.டி சரித்திரத்தின் ஒரு ஸ்க்ரீன்ஷொட்டும். இங்கிலிஷில் மாற்றி ஒரு பக்கமாக்கி, காரோடு கொடுங்கள். வாயால் மட்டும் சொன்னால் கவுன்டரிலிருந்து உள்ளே வேலை செய்பவரிடம் போய்ச் சேராது. ஜொப் கார்டோடு இணைக்கச் சொல்லுங்கள். பிழை சூடான பிறகுதான் வரும் என்றால், "சூடாக ஓடிப் பார்த்துவிட்டுக் கழற்றுங்கள்" என்பதை முதல் வரியில் எழுதுங்கள்.

உங்கள் வீட்டுக் காரின் ஆறு பதிலையும் எங்களுக்கும் அனுப்புங்கள். சுவாரசியமானவற்றை அடுத்த எபிசோடில் வைத்துக் கதைப்போம். அதுவரை கவனமா ஓடுங்கோ.